பார்த்தெனானில் நேர்கோடு உண்டா?

ஏதென்ஸ் நகரின் பார்த்தெனான் கோயிலில் ஒரு நேர்கோடுகூடக் கிடையாது, மனிதக் கண்ணின் பிழையைத் திருத்துவதற்காகவே கிரேக்கர்கள் அதை வளைத்துக் கட்டினார்கள், அதன் முகப்பு தங்க விகிதத்தில் (1:1.618) அமைந்திருக்கிறது என்று மூன்று செய்திகளைப் படித்ததாகவும், அவற்றில் எவ்வளவு உண்மை என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் செய்தி ஏறக்குறைய உண்மை. மூன்றாவதற்கு ஆதாரம் இல்லை. இரண்டாவதுதான் சிக்கலானது. பாடநூல்களும் சுற்றுலா வழிகாட்டிகளும் அதை ஒரே வரியில் முடித்துவிடுவதால் அந்தக் கட்டடத்தின் அருமையே மறைந்துபோகிறது என்று நான் கருதுகிறேன். ஆகவே அதற்கே இங்கு அதிக இடம் தருகிறேன்.

பார்த்தெனான், அக்ரோபோலிஸ் குன்றின்மேல் நகரின் காவல் தெய்வமான அதீனாவுக்காக எழுப்பப்பட்டது. கி.மு. 480இல் பாரசீகப் படை அந்தக் குன்றிலிருந்த வழிபாட்டிடங்களை எரித்தபோது, அங்கே கட்டுமானத்தில் இருந்த முந்தைய கோயிலும் அழிந்தது. அதன் அடித்தளத்தைப் பெருமளவு பயன்படுத்திக்கொண்டு, ஏதென்ஸின் தலைவரான பெரிக்ளீஸ் காலத்தில், கி.மு. 447இல் புதிய கோயிலின் பணி தொடங்கியது. கி.மு. 438இல் தெய்வத்தின் திருவுருவம் நிறுவப்பட்டது. சிற்ப வேலை கி.மு. 432 வரை நீடித்தது. கட்டடக் கலைஞர்கள் இக்டினஸ், காலிக்ரேட்டஸ் என்ற இருவர். திருவுருவத்தைச் செய்தவர் ஃபிடியாஸ். ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பென்டெலிகன் மலையிலிருந்து வெண்பளிங்கை வெட்டிக் கொண்டுவந்தார்கள். முகப்பில் 8 தூண்கள், நெடும்பக்கத்தில் 17 தூண்கள், மூலைத் தூண்களை இருமுறை எண்ணாமல் சுற்றிலும் 46 தூண்கள். இது டோரிக் என்ற கிரேக்கக் கட்டடப் பாணியைச் சேர்ந்தது. அந்தப் பாணிக் கோயில்களில் பெரும்பாலானவற்றின் முகப்பில் 6 தூண்களே நிற்கும். அகலத்திலேயே இது வழக்கத்தை மீறிய கட்டடம்.

தூண்கள் நிற்கும் மேல்தளத்தின் அகலம் 30.88 மீட்டர், நீளம் 69.50 மீட்டர். பார்ப்பதற்குப் பலகைபோல மட்டமாகத் தெரியும் இந்தத் தளத்தை அளந்தால், நான்கு பக்கமும் நடுவில் உயர்ந்து மூலைகளை நோக்கித் தாழ்வது தெரியவரும். குறும்பக்கத்தின் நடுப்பகுதி மூலையைவிட ஏறத்தாழ 6 செ.மீ. உயரம், நெடும்பக்கத்தில் அந்த வேறுபாடு ஏறத்தாழ 11 செ.மீ. இதை வட்டவில்லாக வைத்துக் கணக்கிட்டால், குறும்பக்கத்தின் விளிம்பு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தின் துண்டாகவும், நெடும்பக்கத்தின் விளிம்பு ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டாகவும் அமைகின்றன. எதிரே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இந்த வளைவு தனியாகப் புலப்படாது. ஆனால் படியின் ஒரு முனையில் ஒரு தொப்பியை வைத்துவிட்டு, மறுமுனைக்குப் போய்க் கண்ணைத் தளத்தின் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால், நடுவிலுள்ள மேடு தொப்பியை முழுவதும் மறைத்துவிடும்.

வளைவு தளத்தோடு நின்றுவிடவில்லை. தூண்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே உயரம், அதாவது 10.43 மீட்டர் கொண்டவை என்பதால், அவற்றின் மேல் கிடக்கும் உத்தர வரிசையும் அதே வளைவைப் பெற்றுக்கொண்டது. மேலும், தூண்கள் செங்குத்தாக நிற்கவில்லை. ஒவ்வொரு தூணும் உச்சியில் ஏறத்தாழ 7 செ.மீ. கோயிலின் உட்புறமாகச் சாய்ந்திருக்கிறது. மூலைத் தூண்கள் இரு பக்கத்துச் சாய்வையும் ஏற்று மூலைவிட்டத் திசையில் சாய்ந்திருக்கின்றன. நெடும்பக்கங்கள் இரண்டிலுமுள்ள தூண்களின் அச்சுகளைக் கற்பனையில் மேல்நோக்கி நீட்டினால், அவை தரையிலிருந்து 2 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் சந்திக்கும். நான்கு சுவர் கொண்ட பெட்டியாகத் தோன்றும் கோயில், கணக்கின்படி மிகமிக உயரமான ஒரு பிரமிடின் அடித்துண்டு. கருவறையின் நெடுஞ்சுவர்களிலும் இதே உட்சாய்வைக் காணலாம்.

தூணின் உடலும் நேர்கோட்டில் மேலேறவில்லை. அடியில் 1.90 மீட்டர் விட்டமுள்ள தூண் உச்சியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகிறது. ஆனால் அந்தச் சிறுத்தல் சீரானதன்று. அடியையும் உச்சியையும் ஒரு நூலால் இணைத்தால், தூணின் உடல் அந்த நூலுக்கு வெளியே மெல்லப் புடைத்திருக்கும். அதிகபட்சப் புடைப்பு 2 செ.மீ.க்கும் குறைவு. தென் இத்தாலியில் பேஸ்டம் என்ற ஊரில், பார்த்தெனானுக்கு ஏறத்தாழ நூறாண்டு முந்தைய ஹீரா கோயிலின் தூண்களில் இதே புடைப்பை வெறுங்கண்ணாலேயே காணலாம்; பாரம் தாங்குபவனின் தோள் தசை திரள்வதுபோல அங்கே கல் திரண்டு நிற்கும். இக்டினஸ் அந்தப் பழைய வழக்கத்தைக் கைவிடவில்லை. பார்வைக்குச் சிக்காத அளவுக்கு அதை மெலிதாக்கினார். தூணைப் பார்க்கும்போது அது விறைப்பாக இருக்கிறது என்ற உணர்வு மட்டும் நமக்குக் கிடைக்கிறது. அதற்குக் காரணமான வளைவைக் கண்ணால் பிரித்தெடுக்க முடிவதில்லை. எனக்கு இந்தக் கோயிலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மூலைகளில் நடந்திருப்பது இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டியது. மூலைத் தூண்கள் மற்றத் தூண்களைவிட ஏறத்தாழ 4 செ.மீ. பருமன் அதிகம். மூலைத் தூணுக்கும் அதன் அடுத்த தூணுக்கும் இடையிலான இடைவெளியோ மற்ற இடைவெளிகளைவிட வெகுவாகக் குறைவு: பொதுவாகத் தூண் நடுவிலிருந்து தூண் நடுவுக்கு ஏறத்தாழ 4.30 மீட்டர் இருக்கும் தூரம், மூலையில் ஏறத்தாழ 3.70 மீட்டராகச் சுருங்குகிறது. இந்தச் சுருக்கம் கண்மயக்கை எண்ணிப் பிறந்ததன்று. டோரிக் பாணியின் இலக்கண நெருக்கடியிலிருந்து பிறந்தது. உத்தரத்துக்கு மேலே ஓடும் பட்டையில், மூன்று செங்குத்துக் கீற்றுகள் கொண்ட டிரிகிளிஃப் என்ற கல்லும், சிற்பம் செதுக்கிய மெட்டோப் என்ற பலகையும் மாறிமாறி வரும். ஒவ்வொரு தூணின் நடுவுக்கும் நேர் மேலே ஒரு டிரிகிளிஃப் வர வேண்டும் என்பது ஒரு விதி. பட்டை முடியும் மூலையில் இரு பக்கமும் டிரிகிளிஃப்பே வந்து சந்திக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. உத்தரத்தின் தடிமன் டிரிகிளிஃப்பின் அகலத்தைவிட அதிகமாக இருப்பதால், மூலையில் இவ்விரு விதிகளையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது. மூலை டிரிகிளிஃப்பைத் தூணின் நடுவிலிருந்து வெளியே தள்ளினால், அதன் பக்கத்து மெட்டோப் அகன்று அசிங்கமாகத் தெரியும். அதைத் தவிர்க்க, மூலைத் தூணையே உள்ளே நகர்த்தினார்கள்.

இதுவரை விளக்கியது கிரேக்கக் கோயில் பலவற்றுக்கும் பொதுவான தீர்வு. பார்த்தெனானின் தனித்தன்மை, டிரிகிளிஃப் சிக்கலைத் தீர்ப்பதற்குத் தேவையான அளவைவிட அதிகமாகவே மூலைத் தூண்களை அங்கே உள்ளே இழுத்திருப்பதில் இருக்கிறது. நெருக்கடியில் பிறந்த ஒரு சமரசத்தை, கட்டடத்தின் நான்கு மூலைகளையும் இறுக்கிப் பிடிக்கும் ஓர் உத்தியாக அதன் கலைஞர்கள் மாற்றிவிட்டார்கள் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. இந்தத் திருத்தத்தின் விளைவு மேலேயும் போகிறது: மெட்டோப் பலகைகள் எல்லாம் ஒரே அகலம் கொண்டவையாகத் தோன்றினாலும், அளந்தால் அவை ஒன்றுக்கொன்று சில சென்டிமீட்டர் வேறுபடுகின்றன.

இவ்வளவையும் கல்லில் செய்வது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தூக்குக்குண்டும் மூலைமட்டமும் வைத்துக் கட்டும் சாதாரணக் கோயிலில், ஒரு வரிசைக்கான கற்களை ஒரே அளவில் வெட்டிக் குவித்துவிட்டு, எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். பார்த்தெனானில் அது நடக்காது. தளம் வளைந்திருக்கிறது, அதன்மேல் நிற்கும் தூணோ தளத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் உள்ளே சாய்ந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு தூணின் அடிக்கல்லையும் அது நிற்கும் இடத்துக்கேற்ப ஆப்புபோல ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் வெட்ட வேண்டியிருந்தது. தூண் ஒரே கல்லால் ஆனதும் அன்று. உருளைக் கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மரக்கட்டையும் மரமுளையும் செருகி அச்சு பிசகாமல் நிறுத்தினார்கள். நெடுக்காக ஓடும் இருபது பள்ளங்களையும் தூண் முழுவதும் எழும்பிய பிறகே செதுக்கினார்கள். சாய்வும் புடைப்பும் கொண்ட ஓர் உடலில், மேலே போகப் போகக் குறுகும் பள்ளங்களை, விளிம்பு சிதையாமல் பத்து மீட்டர் உயரத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டும். இதை நாற்பத்தாறு முறை செய்திருக்கிறார்கள்.

இதற்கு ஓர் எதிர்பாராத பயனும் விளைந்தது. 1687இல் வெனிஸ் படையினர் அக்ரோபோலிஸை முற்றுகையிட்டபோது, துருக்கியர் பார்த்தெனானுக்குள் சேமித்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்து, கட்டடத்தின் நடுப்பகுதி சிதறியது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிக்கோலாஸ் பலானோஸ் என்ற கிரேக்கப் பொறியாளர் விழுந்த கற்களை எடுத்துத் தூண் வரிசைகளை மீண்டும் நிறுத்தினார்; ஆனால் அவர் ஒத்த உருவமுள்ள கற்களைத் தமக்கு வசதியான இடங்களில் வைத்துவிட்டார். போதாக்குறைக்கு, அவர் பயன்படுத்திய இரும்புக் கவ்விகள் துருப்பிடித்து வீங்கிப் பளிங்கைப் பிளந்தன. பழைய கிரேக்கர்களும் இரும்புக் கவ்விகளையே பயன்படுத்தினார்கள். ஆனால் சுற்றிலும் ஈயத்தை ஊற்றி ஈரம் புகாமல் காத்தார்கள். 1980களில் கட்டடக் கலைஞர் மனோலிஸ் கோரஸ் முதலியோரின் தலைமையில் தொடங்கிய புதிய சீரமைப்பில், ஒவ்வொரு கல்லின் கோணங்களையும் கவ்விப் பள்ளங்களையும் நுட்பமாக அளந்து, அது முதலில் இருந்த இடத்தைக் கண்டுபிடித்துத் திருப்பி வைக்கிறார்கள். கற்கள் எல்லாம் ஒரே அச்சாக இருந்திருந்தால் இந்த வேலையே சாத்தியமாகியிருக்காது. ஒவ்வொரு கல்லும் அந்த வளைவில் தான் இருந்த இடத்தின் அளவைத் தன் உடம்பிலேயே சுமந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவு பெரிய செய்தி நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை என்பது வியப்புக்குரியது. 1750களின் தொடக்கத்தில் ஏதென்ஸில் தங்கிப் பார்த்தெனானை அளந்து வரைந்த ஸ்டூவர்ட், ரெவெட் என்ற ஆங்கிலேயர்கள்கூடக் கோடுகளை நேராகவே வரைந்தார்கள். பிறகு வந்தவர்களும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்களே. தூண்களின் புடைப்பை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காக்கரெல் கவனித்தார்; தளத்தின் வளைவை 1830களில் பென்னிதார்ன் கண்டறிந்தார். பிறகு பிரான்சிஸ் பென்ரோஸ் 1846-47இல் கோயில் முழுவதையும் மிக நுணுக்கமாக அளந்து, 1851இல் முடிவுகளை வெளியிட்டார். அடித்தளம் தற்செயலாக இறங்கியதால் ஏற்பட்ட வளைவுதான் இது என்ற ஐயத்துக்கு அதற்குப் பின் இடமில்லாமல் போயிற்று. இறங்கிய அடித்தளம் நான்கு பக்கமும் இவ்வளவு சீராக வளையாது. மேலும் கோயிலின் தென்பகுதி ஆழமான அடித்தளத்தின் மீதும் மற்றப் பகுதி பாறைமீதும் நிற்பதால், இறங்கியிருந்தால் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இறங்கியிருக்காது.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்ற கேள்விக்கு வருவோம். இக்டினஸ் பார்த்தெனானைப் பற்றி ஒரு நூல் எழுதியதாக ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் குறிப்பிடுகிறார்; அந்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சியிருப்பது, கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில், அதாவது பார்த்தெனான் எழும்பி நான்கு நூற்றாண்டுகள் கழிந்த பிறகு, விட்ருவியஸ் எழுதிய விளக்கம் மட்டுமே. தளத்தை மட்டமாக அமைத்தால் அது நடுவில் குழிந்தாற்போல் கண்ணுக்குத் தோன்றும், ஆகவே நடுவில் உயர்த்த வேண்டும் என்கிறார் அவர். மூலைத் தூண்களைச் சுற்றி வெட்டவெளி இருப்பதால் அவை மெலிந்து தோன்றும், ஆகவே ஐம்பதில் ஒரு பங்கு பருமனைக் கூட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். ‘கண்ணின் பிழையைத் திருத்துவதற்காக’ என்று இன்று எங்கும் சொல்லப்படுவது இந்த விளக்கத்தின் வழிவந்ததே.

மூலைத் தூண்களைப் பொறுத்தவரை இந்த விளக்கத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். பின்னால் சுவரின் நிழல் இருக்கும் தூணும், பின்னால் ஏதென்ஸின் கூசும் வானம் இருக்கும் தூணும் ஒரே பருமனில் தோன்றாது. வெளிச்சம் விளிம்பைத் தின்றுவிடும். பார்த்தெனானில் கூட்டியிருக்கும் பருமனும் விட்ருவியஸ் சொன்ன அளவுக்கு அருகிலேயே வருகிறது. ஆனால் தளத்தின் வளைவுக்கு அந்த விளக்கம் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள மூன்று படிகளின் மொத்த உயரம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். அருகில் நிற்பவரின் கண்மட்டத்துக்குத் தளத்தின் விளிம்பு கிட்டத்தட்ட நேராகவே இருக்கும். கண்மட்டத்தில் இருக்கும் கோடு குழிந்து தோன்றுவதற்கு வலுவான காரணம் எதுவும் இல்லை. மேலே முக்கோண முகப்பின் சாய்கோடுகள் இருப்பதால் அதன் அடியிலுள்ள கிடைக்கோடு தொய்ந்து தோன்றும் என்று 19ஆம் நூற்றாண்டில் ஒரு விளக்கம் எழுந்தது. அது உண்மையான கண்மயக்குதான். ஆனால் முக்கோணம் இருப்பது குறும்பக்கங்கள் இரண்டில் மட்டுமே. முக்கோணமே இல்லாத நெடும்பக்கங்கள் ஏன் வளைய வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலாக, திருத்தம் என்றால் திருத்திய பிறகு கோடு நேராகத் தெரிய வேண்டும். படியின் முனையில் நின்று பார்ப்பவருக்கு இந்த வளைவு வளைவாகவே தெரிகிறது.

மழைநீர் வழிந்தோடுவதற்காகத் தளத்தை உயர்த்தினார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. வழக்கத்தின் தொடக்கம் அதுவாக இருந்திருக்கலாம் என்பதை மறுக்கமாட்டேன். கொரிந்து நகரில் கி.மு. 540 வாக்கில் எழுந்த அப்பல்லோ கோயிலின் தளத்திலேயே வளைவு இருக்கிறது. ஆனால் நீர் வடிவதற்காக மட்டும் என்றால், தண்ணீர் தேங்கவே வழியில்லாத உத்தரத்தை வளைத்திருக்க வேண்டியதில்லை. தூண்களின் உயரத்தைச் சற்றே கூட்டிக் குறைத்து, மேலே மட்டமாக்கியிருப்பது கொத்தனுக்கு எத்தனையோ எளிது. கடினமான வழியைத் தெரிந்தே தேர்ந்தெடுத்து, வளைவைக் கூரைவரை கொண்டுபோயிருக்கிறார்கள்.

மூன்றாவது விளக்கமே எனக்கு நெருக்கமானது. மனம் தான் எதிர்பார்க்கும் நேர்கோட்டுக்கும் கண் உண்மையில் காணும் வளைகோட்டுக்கும் இடையே ஓர் இழுபறி நிகழ்கிறது. அந்த இழுபறியால் கல் உயிர்ப்புள்ளதாகவும், தன் பாரத்தைத் தானே உணர்ந்து எதிர்த்து நிற்பதாகவும் தோன்றுகிறது. தளம் மேல்நோக்கி மூச்சு வாங்குகிறது, தூண்கள் புடைக்கின்றன, மூலைகள் இறுகுகின்றன, முழுக் கட்டடமும் உச்சியை நோக்கிக் குவிகிறது. இந்தச் சிறு மாற்றங்கள் எல்லாம் ஒரே திசையில் வேலைசெய்கின்றன என்பதே இந்த விளக்கத்துக்கு வலுவான சான்று என்பேன். கண்ணின் பிழைகளைத் தனித்தனியே திருத்தியிருந்தால், திருத்தங்கள் பல திசைகளில் சிதறியிருக்கும்.

உள்ளே போனால், கண்ணை மனத்தில் கொண்டே செய்த திருத்தங்கள் தெளிவாகவே கிடைக்கின்றன. வெளித் தூண் வரிசைக்குப் பின்னால், கருவறைச் சுவரின் உச்சியைச் சுற்றி ஏறத்தாழ 160 மீட்டர் நீளமும் 1 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு புடைப்புச் சிற்பப் பட்டை ஓடியது. தரையிலிருந்து ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்தில் இருந்த அதைக் கழுத்தை வெகுவாக அண்ணாந்தே பார்க்க முடியும். ஆகவே உருவங்களின் மேற்பகுதியைக் கீழ்ப்பகுதியைவிட ஆழமாகச் செதுக்கியிருக்கிறார்கள்; குதிரையின் தலையும் வீரனின் தோளும் கால்களைவிட முன்னே வந்து நிற்கின்றன. அதே பட்டையில் சமச்சீரைப் பற்றிய ஓர் அழகிய முடிவையும் காணலாம். அதில் செதுக்கப்பட்டிருக்கும் ஊர்வலம் தென்மேற்கு மூலையில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மேற்குப் பக்கத்தையும் வடக்குப் பக்கத்தையும் கடந்து வருகிறது. மற்றொன்று தெற்குப் பக்கத்தை மட்டும் கடந்து வருகிறது. நடந்த தூரம் சமமில்லை. ஆனாலும் இரண்டும் கிழக்கு வாயிலுக்கு மேலே, அமர்ந்திருக்கும் தெய்வங்களின் இரு பக்கங்களிலும் வந்து சேர்ந்து, கோயிலின் நடு அச்சில் சமன்படுகின்றன.

கருவறையில் நின்ற அதீனாவின் திருவுருவம் பொன்னாலும் தந்தத்தாலும் ஆனது. பீடத்தோடு ஏறத்தாழ 12 மீட்டர் உயரம். முகப்பில் 8 தூண்களை வைத்ததன் பயன் இங்கேதான் கிடைக்கிறது: கருவறையின் உள்ளகலம் ஏறத்தாழ 19 மீட்டராக விரிந்தது. கூரையைத் தாங்கும் உள்தூண்களை ஒரே நெட்டைத் தூணாக நிறுத்தாமல், சிறு தூண்களை இரண்டு அடுக்காக வைத்தார்கள். பக்கத்தில் ஒரே பெருந்தூண் நின்றால் அதன் முன் திருவுருவம் குறுகித் தெரியும். சிறு தூண்களோடு ஒப்பிடும்போது அது வானுயர்ந்து தெரியும். முந்தைய கோயில்களில் உள்தூண்கள் இரு பக்கமும் மட்டும் ஓடும். பார்த்தெனானில் அவை திருவுருவத்தின் பின்புறமும் வளைந்து, மூன்று பக்கமும் சூழ்ந்து நின்றன. வாசலின் இரு பக்கமும் சாளரங்கள் இருந்ததும் பிற்கால ஆய்வில் தெரியவந்திருக்கிறது. தந்தம் வெடிக்காமல் காப்பதற்காக அங்கே தண்ணீர் பயன்பட்டதாகப் பயணியான பௌசானியஸ் எழுதியிருக்கிறார். திருவுருவத்தின் முன் அமைந்த அந்த நீர்ப்பரப்பு சாளர வெளிச்சத்தைப் பொன்மேல் திருப்பியும் இருக்கும்.

இவ்வளவு சமச்சீரான கோயிலை வருபவர் முதலில் நேர் எதிரே நின்று பார்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அக்ரோபோலிஸின் வாயில் மண்டபம் மேற்கே இருக்கிறது; அதைக் கடந்து உள்ளே வருபவருக்குப் பார்த்தெனானின் வடமேற்கு மூலையே முதலில் தெரியும். மேற்கு முகப்பும் வடக்கு நெடும்பக்கமும் ஒரே பார்வையில் விழும். இரண்டும் சந்திக்கும் மூலைத் தூண் காட்சியின் நடுவே நிற்கும். கோயிலின் வாசலோ எதிர்முனையில், கிழக்கே இருக்கிறது. அங்கே போய்ச்சேர நெடும்பக்கம் முழுவதையும் நடந்து கடக்க வேண்டும். மூலைகளில் இத்தனை கவனம் செலவழிக்கப்பட்டதை இந்த வழியோடு சேர்த்துப் பார்த்தால் அது நன்கு விளங்கும். சில பத்து மீட்டர் வடக்கே, கி.மு. 421க்குப் பிறகு கட்டத் தொடங்கிய எரக்தியன் கோயில், பழைய புனித இடங்களை அசைக்க முடியாததால், வெவ்வேறு மட்டங்களில், ஒரு பக்கம்போல் மறுபக்கம் இல்லாமல் நிற்கிறது. கிரேக்கர்களுக்குச் சமச்சீர் எங்கும் கட்டாயமான சட்டமாக இருக்கவில்லை என்பதற்கு அந்த அண்டைக் கோயிலே போதும்.

கணினி இல்லாத காலத்தில் 2 செ.மீ. புடைப்பைப் பத்து மீட்டர் தூணில் எப்படி வரையறுத்தார்கள் என்ற ஐயம் இயல்பானது. அதற்கு ஒரு விடை, இன்றைய துருக்கியிலுள்ள டிடிமா என்ற ஊரில், பார்த்தெனானைவிடப் பிந்திய அப்பல்லோ கோயிலில் கிடைத்தது. அந்தக் கோயில் கடைசிவரை முற்றுப்பெறாததால், உட்சுவர்களுக்கு இறுதி மெருகு ஏற்றப்படவில்லை. 1979இல் லோத்தர் ஹாசல்பெர்கர் என்ற ஆய்வாளர் அந்தச் சுவர்களில், மெல்லிய கீறல்களால் ஆன கட்டட வரைபடங்களைக் கண்டுபிடித்தார். அவற்றில் ஒன்று தூணின் வரைபடம். அகலத்தை உண்மையளவில் வைத்துக்கொண்டு, உயரத்தை மட்டும் ஓர் அடிக்கு ஒரு விரல் என்ற கணக்கில், அதாவது பதினாறில் ஒரு பங்காகக் குறுக்கியிருக்கிறார்கள். அப்படிக் குறுக்கிய படத்தில் புடைப்பை ஒரு வட்டவில்லாக இழுத்துவிடலாம். பிறகு ஒவ்வொரு விரல் உயரத்திலும் தூணின் அகலத்தைச் சுவரிலிருந்தே அளந்து, ஒவ்வோர் அடி உயரத்திலும் கல்லுக்கு மாற்றிக்கொள்ளலாம். தளத்தின் வளைவைக் குறிப்பதற்கு விட்ருவியஸ் சிறு சிறு அளவுக் கட்டைகளைப் பற்றிச் சொல்கிறார். இந்த வழிமுறைகளில் மாயம் எதுவும் இல்லை. நூலும் கவராயமும் பொறுமையும் போதும்.

கடைசியாகத் தங்க விகிதம். 1.618 என்ற அந்த விகிதத்தைப் பார்த்தெனானின் கலைஞர்கள் பயன்படுத்தினார்கள் என்பதற்குப் பழைய எழுத்துச் சான்று எதுவும் இல்லை. நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் அந்த விகிதத்தைத் முதலில் தெளிவாக வரையறுப்பது கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் நூல். அது கோயில் எழுந்து ஒரு நூற்றாண்டுக்கும் பிறகு. அதைக் குறிக்கும் ‘ஃபை’ என்ற கிரேக்க எழுத்தை ஃபிடியாஸின் பெயரோடு இணைத்ததும் 20ஆம் நூற்றாண்டில்தான். முகப்பின்மேல் செவ்வகம் வரைந்து காட்டும் படங்களில், ஒன்று படியின் நடுவிலிருந்து தொடங்கும், இன்னொன்று இன்று இல்லாத முக்கோண உச்சிக்கும் மேலே முடியும். கோட்டின் தடிமனைக் கூட்டிக்கொண்டால் எந்த விகிதத்தையும் பொருத்திவிடலாம். அளவுகளிலிருந்து உறுதியாகக் கிடைக்கும் விகிதம் வேறு: 4:9. தளத்தின் அகலமும் நீளமும் (30.88, 69.50 மீட்டர்) அந்த விகிதத்தில் உள்ளன. தூணின் அடிவிட்டமும் தூண் நடுக்களுக்கு இடையிலான தூரமும் (1.90, 4.30 மீட்டர்) ஏறத்தாழ அந்த விகிதமே. முக்கோணத்துக்குக் கீழேயுள்ள முகப்பின் உயரத்தையும் (13.72 மீட்டர்) அகலத்தையும் வகுத்துப் பாருங்கள், அங்கேயும் 4:9 கிடைக்கும்.